நெல்தாள் குத்திய கண்

வீரையன் வீட்டுச் சேவலுக்கு மிராசு என்று பேர். யோசித்து வைத்த பேர்தான். வீரையனின் அப்பா ஒரு மிராசுதார் பண்ணையில் குனிந்த முதுகு நிமிராமல் உழைத்தே போய்ச் சேர்ந்தவர். மகன் சவுதிக்குப் போய்ச் சம்பாதித்து, ஆறு மா நிலம் வாங்கி, மெத்தை வீடு கட்டி, கொல்லையில் கிளிமூக்குச் சேவல் வளர்க்க ஆரம்பித்ததும், இருப்பதிலேயே திமிர் பிடித்ததற்கு அந்தப் பேரைச் சூட்டினான். விடிந்ததும், "ஏய் மிராசு, வாடா இங்க!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிடுவதில் அவனுக்கு ஒரு சுகம். கூப்பிட்டுக்கொள்ளட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் அந்த மிராசுக்கு இரை வைத்தது, தண்ணி மாற்றியது, எச்சம் அள்ளியது, வாலில் மண் ஒட்டாமல் துடைத்துவிட்டது எல்லாம் அவன் பெண்டாட்டி ராஜாத்தி.

சும்மா சொல்லக் கூடாது, பார்க்க அழகன்தான். கருங்கீரி நிறம். கிளிக்கு இருப்பது போலவே வளைந்த குட்டை மூக்கு. வால் விசிறி மாதிரி விரிந்து தரையைத் தொடும். அந்த ஜாதியில் பெட்டைகள் கனமானவை, அடை வைத்தால் முட்டையை மிதித்தே நொறுக்கிவிடும். அதனால் ராஜாத்தி தெருவில் நாலு வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி, குட்டையான நாட்டுக்கோழிகளை வாங்கி வந்து அடை வைப்பாள். ரத்தம் கலக்கக் கூடாது என்று வீரையன் அப்பனோடு மகளைச் சேர்ப்பான், தாயோடு மகனைச் சேர்ப்பான். "என்ன கண்றாவிங்க இது?" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "உனக்கு ஒரு எழவும் புரியாது, போய் வேலையப் பாரு" என்பான் அவன்.

இவ்வளவையும் அவள் விடாமல் செய்ததற்குக் காரணம் இருந்தது. சவுதியில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பில் கம்பி வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தவன் வீரையன். ஒரு வருஷம் முழுக்கக் கட்டிலில் படுத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். சோறு வைத்தால் தின்பான், வைக்காவிட்டால் கேட்க மாட்டான். பூச்சிமருந்து டப்பாவை ராஜாத்தி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்த காலம் அது. யாரோ ஒரு சிநேகிதன் ஒரு ஜோடிக் குஞ்சைக் கொண்டுவந்து கொடுத்தான். அதற்கு அப்புறம்தான் மனுஷன் எழுந்து கொல்லைப் பக்கம் போனான், நாலு பேரோடு பேசினான், சிரித்தான். அவளுக்கு அது போதும். புருஷனைக் கட்டிலிலிருந்து எழுப்பிவிட்ட ஜீவன் என்று மிராசுக்கு அவள் நல்லெண்ணெயும் சின்ன வெங்காயமும் போட்டு உருட்டிக் கொடுத்தாள்.

கெடுத்தது வீரையன். சேவல் முழுசாக வளராத பட்டாவாக இருக்கும்போதே துண்டை முகத்துக்கு நேரே ஆட்டுவான், காலால் நெஞ்சில் தட்டுவான். அது சிலிர்த்துக்கொண்டு பாயும். பார்க்க வந்தவர்கள் "அடேயப்பா, என்ன சூடு!" என்பார்கள். இவனுக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். இப்படி ஆறு மாசம் பழக்கினால் எந்தச் சேவல்தான் மனுஷனை மனுஷனாகப் பார்க்கும்? வளர்ந்ததும் ஆளைக் கண்டால் பாய்ந்தது. வீரையனிடம் மட்டும் பாயாது, கக்கத்தில் தூக்கி வைத்துப் பழக்கியிருந்தான். இரை போடுகிற ராஜாத்திதான் ஒரு கையில் தட்டும் ஒரு கையில் விளக்குமாறுமாகக் கொல்லைக்குப் போக வேண்டியிருந்தது. "முள்ளையாவது அறுத்து விடுங்க" என்று எத்தனையோ தடவை சொன்னாள். காலில் வளர்ந்த முள் சுண்டுவிரல் நீளம், ஊசி மாதிரி இருந்தது. "முள்ளை அறுத்த சேவலை எவன் மதிப்பான்? மொட்டைன்னு சொல்லிட்டுப் போயிருவான்" என்று அவன் தட்டிக் கழித்தான்.

போன ஐப்பசியில் அது எதிர்வீட்டுக் காளியம்மாளைப் பதம் பார்த்தது. பாவம், அவள் தண்ணி பிடிக்கக் குடத்தோடு போனவள். கெண்டைக்காலில் ஐந்து தையல். அவள் என்ன சும்மா விடுவாளா? தெருவே திரண்டு மாரியம்மன் கோயில் வாசலில் வீரையனை நிறுத்தியது. அங்கேயே சேவலை அறுக்கச் சொன்னார்கள். வீரையன் கையெடுத்துக் கும்பிட்டான். கடைசியில் பெரியவர்கள் ஒரு வழி சொன்னார்கள். ஆத்தா முன்னால் சூடத்தைக் கொளுத்தி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து அவன் சத்தியம் பண்ணினான். "இனி ஒருதடவை இது யார் மேலயாவது பாஞ்சா, என் கையாலேயே அறுத்துருவேன். மீறினா ஆத்தா என்னைக் கேட்கட்டும்."

எங்கள் பக்கத்தில் சூடம் அணைத்துச் செய்த சத்தியத்தை யாரும் விளையாட்டாக எடுப்பதில்லை. ராஜாத்திக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கமே இல்லை. மறுநாளிலிருந்து கொல்லைக்கதவுக்கு ரெண்டு தாழ்ப்பாள் போட்டாள்.

தை மாசம் சம்பா அறுப்பு. வயலில் மிஷின் இறங்க முடியாத ஈரம், அதனால் ஒரு மூலையில் கையறுப்பு நடந்தது. விடியற்காலையே போய்க் கட்டுத் தூக்கிவிட்டு எட்டு மணிக்கு ராஜாத்தி வீட்டுக்கு ஓடிவந்தாள், கோழிகளுக்கு இரை வைக்க வேண்டுமே. குனிந்து தட்டை வைத்தாள். அவ்வளவுதான். சடசடவென்று ஒரு சத்தம், நெஞ்சில் ஒரு அறை, இடது கண்ணில் சுருக்கென்று ஒன்று இறங்கிக் கழன்றது.

"அய்யோ ஆத்தா!" என்று கத்த வாய் திறந்தவள், அந்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். வலியில் உயிர் போகிறது, அந்த நேரத்திலும் அவள் புத்தி போன இடத்தைப் பாருங்கள். அவருக்குத் தெரிந்தால் சேவலை அறுக்க வேண்டும். அறுத்தால் திரும்பவும் கட்டிலில் போய்ப் படுத்துக்கொள்வார். மனசு வராமல் அறுக்காமல் விட்டால் சத்தியம் தவறிப்போகும், ஆத்தா சும்மா இருக்க மாட்டாள். ஆனால் அவருக்குத் தெரியாமலே இருந்துவிட்டால்? தெரியாதவர் எப்படிச் சத்தியம் தவறியவர் ஆவார்? தெரிந்தவள் நான்தானே, பாவம் என்னோடு போகட்டும். இப்படி ஒரு கணக்குப் போட்டாள் அந்தப் பைத்தியக்காரி.

அரை மணி நேரம் கழித்து வீரையன் வந்தான். வயலிலிருந்து வருவதாகச் சொன்னான்.

"என்னடி கண்ணு செவந்திருக்கு?"

"கட்டுத் தூக்கையில நெல்தாள் குத்திருச்சுங்க."

"பார்த்துத் தூக்க மாட்டியா?" என்றான். வேறெதுவும் கேட்கவில்லை.

மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டார்கள். மூன்றாம் நாள் கண் புடைத்து, தலை பாதி பிளந்தது போல் வலி. தஞ்சாவூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வீரையன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். டாக்டர் சின்ன வயசுப் பெண், பொறுமையாகக் கேட்டாள். "என்னம்மா குத்துச்சு?"

"நெல்தாளுங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஆணி, முள்ளு, கம்பி, அப்படி ஏதாவது?"

"இல்லீங்க. நெல்தாள்தான்."

டாக்டர் வீரையனைப் பார்த்தாள். அவன் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாவம், ஒன்றும் அறியாத மனுஷன் என்று ராஜாத்திக்கு அந்த நேரத்திலும் அவன் மேல் இரக்கம்தான் வந்தது.

அறுப்புக் காலத்தில் நெல்தாள் கீறிய கண்கள் அங்கே நாளைக்குப் பத்து வரும். அதற்கு உண்டான மருந்தைக் கொடுத்து, மணிக்கொரு தடவை போடச் சொன்னார்கள். போட்டாள். ரெண்டு நாள் கழித்து மறுபடி போனார்கள். அதே கேள்வி, அதே பதில், அதே மின்விசிறி. ஒன்பதாம் நாள் மூன்றாவது தடவை போனபோது கண்ணுக்குள் சீழ் கட்டியிருந்தது. வேறொரு பெரிய டாக்டர் வந்து விளக்கை அடித்துப் பார்த்தார். "மேலே கீறினது இல்லம்மா இது. ஏதோ கூரா உள்ளே இறங்கியிருக்கு. மறைக்காதீங்க" என்றார். வீரையன் மாத்திரை வாங்க வெளியே போயிருந்தான். அப்போதுதான் ராஜாத்தி வாய் திறந்தாள். "சேவல் முள்ளுங்க. அவருக்கு மட்டும் சொல்லிராதீங்க."

பெரிய டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "முதல் நாளே இதைச் சொல்லியிருந்தா கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டுக் காப்பாத்தப் பார்த்திருப்போமேம்மா. இப்ப வலியைத்தான் நிறுத்த முடியும்."

அவள் அழவில்லை. ஒரு கண்ணோடு போயிற்று, அவர் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றுதான் நினைத்தாள். வீட்டுக்கு வந்து கருப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டாள். அந்தப் பக்கம் யார் வந்தாலும் தெரியாது. ஊசியில் நூல் கோர்க்கத் தெருப் பெண்களைக் கூப்பிட்டாள். இட்லிப் பானையை இறக்கும்போது ரெண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்டாள். தஞ்சாவூரில் வாக்கப்பட்டு, அங்கேயே பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் மகள் இசைவாணி வந்து, "வயலுக்குப் போகாதேன்னு சொன்னா கேக்கறியா?" என்று திட்டிவிட்டுப் போனாள். அதையும் வாங்கிக்கொண்டாள். வீரையன் மட்டும் திட்டவே இல்லை. அவள் கையிலிருந்து இரைத்தட்டை வாங்கி, மிராசுக்கு அவனே இரை வைக்க ஆரம்பித்தான். என்ன கரிசனம் என்று அவள் உருகிப்போனாள்.

சித்திரையில் மன்னார்குடியில் கிளிமூக்குச் சேவல் கண்காட்சி. கல்யாண மண்டபத்து மைதானத்தில் பந்தல் போட்டு, வரிசையாகக் கூண்டுகள். திண்டுக்கல், சேலம், புதுச்சேரி என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள். வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி நின்ற வீரையனைப் பார்க்க ராஜாத்திக்கே பெருமையாக இருந்தது. ஒரு வருஷம் சுவரைப் பார்த்துக் கிடந்த மனுஷனா இது? மிராசுவின் கூண்டைச் சுற்றிக் கூட்டம். மூக்கு, கொண்டை, கழுத்து, கால், வால் என்று பார்த்து மார்க் போட்டுக்கொண்டு போனார்கள். முதல் பரிசு இதற்குத்தான் என்று பேச்சு அடிபட்டது.

நாமக்கல் பக்கத்துக்காரர் ஒருவர் காலையிலிருந்தே கூண்டை விட்டு நகரவில்லை. நல்ல மனுஷன், பேச்சில் பணிவு. "எனக்கே குடுத்துருங்கண்ணா. வீட்டு வாசல்ல இது நடந்தாலே ஒரு லட்சணம். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வீட்ல மூணு பொட்டப் புள்ளைங்க, சின்னதுங்க. சேவல் ஆளைப் பாயாதில்ல?"

வீரையன் கண் இமைக்காமல் சொன்னான். "இதுவா? மடியில போட்டுத் தாலாட்டலாம்ங்க. பச்சைப்புள்ள மாதிரி."

அடப்பாவி, என்று ராஜாத்திக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்புறம் நிதானித்தாள். காளியம்மாள் காலைத்தானே அவருக்குத் தெரியும், என் கண் அவருக்குத் தெரியாதே, இதன் முள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அந்த மூன்று பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இதை அனுப்பினால் நான் என்ன பிறவி?

சொன்னால் எல்லாம் போகும். பரிசு போகும். ஊர் ஆட்கள் நாலு பேர் பந்தலில் நிற்கிறார்கள், சத்தியம் சந்திக்கு வரும். சேவலை அறுக்க வேண்டும். இவர் திரும்பவும் கட்டிலுக்குப் போவார். மூன்று மாசம் ஒரு கண்ணைக் கொடுத்துக் கட்டிக் காத்தது, ஒரு வார்த்தையில் கொட்டிப்போகும். என்னை மன்னிச்சிருங்க என்று மனசுக்குள் புருஷனைக் கும்பிட்டுக்கொண்டு, கருப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அண்ணே, வாங்காதீங்க. இது ஆளைப் பாயும். இந்தக் கண்ணை எடுத்தது இதுதான்."

நாமக்கல்காரர் அந்த வெளிறிய கண்ணைப் பார்த்தார். ஒரு எட்டுப் பின்னால் போனார். "ஏம்மா... ஐயோ..." என்றார். அப்புறம் வீரையனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கும்பிடு போட்டுக் கிளம்பிவிட்டார். வீரையன் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. ராஜாத்தி அவன் கையைப் பிடிக்கப் போனாள். விழுந்துவிடுவானோ என்று பயம் அவளுக்கு.

அப்போது பின்னாலிருந்து ஒரு தாடிக்காரர், முப்பது வருஷமாகச் சேவலே கதி என்று கிடப்பவராம், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "என்னது, கண்ணையே எடுத்துருச்சா? ஒரே பாய்ச்சல்லயா?" என்றவர் கூண்டைக் குனிந்து பார்த்தார். "அதான்யா ரத்தம்! இப்பல்லாம் மூக்கும் வாலும்தான் இருக்கு, எல்லாம் பொம்மை. உள்ளே நெருப்பு இருக்குன்னா இந்த ஜாதிதான். டேய், இங்க வந்து பாருங்கடா!"

வந்தார்கள். பத்து, இருபது, முப்பது பேர். அவள் கண்ணை ஒரு பார்வை, சேவல் முள்ளை ஒரு பார்வை. ஒருத்தன் போனை நீட்டிப் படம் எடுத்தான். "இதோட குஞ்சு இருக்கா? முட்டை தருவீங்களா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஊர்க்காரர்களும் அந்தக் கூட்டத்தோடு நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். சத்தியமாவது மண்ணாவது.

வீரையனுக்கு மெல்ல மெல்ல ரத்தம் முகத்துக்குத் திரும்பியது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று புரிந்துகொண்டான். நெஞ்சை நிமிர்த்தினான்.

"ஆமாங்க. ஒரே பாய்ச்சல்தான்" என்றான். "நான்தான் கொல்லையில இருக்கிற மோட்டார் கொட்டாய் ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டிருந்தேனே! இவ குனிஞ்சு தட்டை வைக்கிறா. இது ரெண்டு எட்டுப் பின்னால வாங்குச்சு. றெக்கையை ஒரு அடி. ஆள் உசரத்துக்கு எழும்பி, வலது காலை நெஞ்சுல ஊனி, இடது காலால போட்டுச்சு பாருங்க, அப்பப்பா! சண்டைச் சேவல் கெட்டுச்சு. இவளும் லேசுப்பட்டவ இல்ல. முந்தானைய வாயில வச்சுப் பொத்திக்கிட்டு, யாராச்சும் பார்த்துட்டாங்களான்னு சுத்துமுத்தும் ஒரு பார்வை பார்த்தா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு."

கூட்டம் சிரித்தது.

வலது காலா, இடது காலா என்று அவளுக்கே தெரியாது. அவன் தெளிவாகச் சொல்கிறான். நின்று முழுசாகப் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு, அரை மணி நேரம் அந்தக் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்து, வயலிலிருந்து வருகிறவன் மாதிரி வந்து, என்னடி கண்ணு செவந்திருக்கு என்று கேட்டிருக்கிறான். டாக்டர் கேட்கக் கேட்க, அவள் நெல்தாள் நெல்தாள் என்று சொல்லச் சொல்ல, அவன் மின்விசிறியைப் பார்த்திருக்கிறான்.

கூட்டம் கொஞ்சம் விலகியதும் அவன் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டாள். "தெரிஞ்சுக்கிட்டே ஆஸ்பத்திரியில ஏங்க சொல்லல?"

"நீதான் சொல்லிக்கிட்டிருந்தியே. நடுவுல பூந்து நான் என்னத்தைச் சொல்றது?" என்றான், கூண்டின் தாழ்ப்பாளைச் சரிபார்த்துக்கொண்டே.

"ஆத்தா முன்னால சூடம் அணைச்சீங்களே."

"அதெல்லாம் சும்மா பயமுறுத்தறதுக்குடி. தவறுனா கேடு வரும்னாங்க. எனக்கு என்ன வந்துச்சு? கல்லு மாதிரிதானே இருக்கேன்." அவளைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தான். "நல்லவேளை, நீ வாயத் தொறந்த. இல்லன்னா இவ்வளவு பேரு திரும்பிப் பார்த்திருப்பானா?"

மைக்கில் வீரையன் பேரைச் சொன்னார்கள். சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேடைக்குப் போனான். ராஜாத்தி பந்தலை விட்டு வெளியே வந்தாள். யாரும் கவனிக்கவில்லை. வெயில் கொளுத்தியது. கண்ணாடியை அங்கேயே விட்டுவிட்டு வந்தது பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்த பிறகுதான் தெரிந்தது. திரும்பிப் போகவில்லை. வயிற்றெரிச்சலோடு, நாசமாப் போக, நாசமாப் போக, என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே நடந்தாள். யாரைத் திட்டுகிறோம், அவனையா தன்னையா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

தஞ்சாவூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. படிக்கட்டுப் பக்கத்தில் நின்று மகளுக்குப் போன் போட்டாள்.

"என்னம்மா, ஜெயிச்சாச்சா?" என்றாள் இசைவாணி.

"ஜெயிச்சாச்சு. நான் அங்க வர்றேன்."

"வாயேன். எத்தனை நாளைக்கு?"

"இனிமே அங்கதான்."

"என்னம்மா சண்டையா? அப்பா இடுப்புல கம்பியோட என்ன பண்ணுவாரு? ஒத்தையில எப்படி இருப்பாரு?"

"அவருக்கு என்னடி? ரெண்டு கண்ணும் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, ராஜாத்தி கம்பியைத் துழாவிப் பிடித்துப் பஸ்ஸில் ஏறினாள்.